படகு கேட்டால் பாலம் திறக்கும்

"இந்தப் பாலத்தை நீங்க யாருக்காகத் திறக்குறீங்க?" என்று இன்ஜினியர் அம்மா ஒருமுறை என்னிடம் கேட்டார்.

நான் நடுப்பாலத்தில் குப்புறப் படுத்து, கீழே இருக்கும் பல்சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் கறுப்பு. அப்பா கடைக்குப் போயிருந்தார். நகரின் பாலங்கள் பிரிவுக்கு இன்ஜினியர் அம்மா புதிதாக வந்திருந்தார். சுத்தமான காலணி, கையில் டேப். அந்நியர்கள் கேள்வி கேட்டால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான். எழுந்து ஆற்றைப் பார்த்துக் கையை நீட்டினேன். ஆற்றில் படகு ஒன்றும் இல்லை. இரண்டு வாத்துகள் போய்க்கொண்டிருந்தன.

"வாத்துக்கா?" என்றார். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவருக்கு அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதெல்லாம் இதுதான்.

எங்கள் பாலம் நடந்து போகிறவர்களுக்கு மட்டுமானது. நான்கு பேர் தோளோடு தோள் சேர்ந்து போகலாம். ஐந்தாவது ஆள் பின்னால்தான் வரவேண்டும். இந்தக் கரையில் வீடுகள், அந்தக் கரையில் நூற்பாலை. பாலம் இல்லாத காலத்தில் ஆலைக்குப் போகிறவர்கள் படகில்தான் போனார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏறிய படகு ஒன்று கவிழ்ந்த பிறகு பாலம் கட்டியே தீர வேண்டும் என்று ஆலைக்காரர்கள் நகராட்சியை நெருக்கினார்கள். வரைபடமும் தயாரானது. அதைப் பார்த்ததும் மேல் ஆற்றின் படகுக்காரர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்கள் செங்கல்லும் மரமும் ஏற்றிப் பாய் விரித்து வருகிறவர்கள். பாலம் வந்தால் பாய்மரம் எப்படிப் போகும்?

அவர்கள் மனு எதுவும் எழுதவில்லை. ஒரு காலையில் எல்லாப் படகுகளையும் கொண்டுவந்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் வரிசையாக நிறுத்தி ஒன்றோடொன்று கட்டிவிட்டார்கள். உங்கள் பாலம் வந்தால் ஆறு இப்படித்தான் அடைபட்டுக் கிடக்கும் என்று காட்டுவதற்காக. ஆலைக்குப் போகிறவர்கள் வந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படகு மேல் படகாகத் தாண்டி வேலைக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் அதே வழியாகத் திரும்பினார்கள். சண்டை முடிகிற வரைக்கும் அப்படித்தான். ஊரில் முதல் பாலம் கட்டியவர்கள் பாலம் வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் என்று அப்பா சொல்வார். சொல்லும்போது தானே கட்டியது போல ஒரு பெருமை வரும்.

கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது திரும்பும் பாலத்துக்கு. ஆற்றின் நடுவே ஒரு தூண். அதன்மேல் நடுப்பாலம், பாலத்தின் மூன்றில் ஒரு பங்கு. ஆள் உயரச் சாவி ஒன்றைத் தரையில் இருக்கும் துளையில் செருகி, அதன் இரண்டு கைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு செக்கு மாடு மாதிரி சுற்றி வந்தால், நடுப்பாலம் மெல்லத் திரும்பி ஆற்றோடு நேராக நிற்கும். இரண்டு பக்கமும் வழி விடும். அப்போது நடுப்பாலத்தில் நிற்கிறவர்கள் எந்தக் கரைக்கும் சொந்தமில்லாமல் ஆற்று நடுவில் மாட்டிக்கொள்வார்கள். இந்தப் பாலத்துக்கென்று எழுதிய சட்டத்தில் முதல் வரியே, படகு கேட்டால் பாலம் திறக்கும் என்பதுதான். படகு மூன்று முறை நீளமாக ஒலி எழுப்ப வேண்டும். அதுதான் கேட்பது. கேட்டுவிட்டால் மந்திரியே நடந்து வந்தாலும் நிற்க வேண்டும்.

பாலக்காரருக்கு இந்தக் கரையில், பாலத்தின் காலோடு ஒட்டி ஓர் அறை. நாங்கள் இருப்பது அதில்தான். மேலே ஆட்கள் நடப்பது கேட்கும். யார் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார்கள் என்று அம்மா படுத்துக்கொண்டே சொல்வாள்.

அப்பாவுக்கு முன்னால் பாலக்காரராக இருந்தவருக்குத் துரு என்று பெயர். சட்டை, வேட்டி, மீசை எல்லாம் துரு நிறம். தன் மகளுக்கு அமைந்த மாப்பிள்ளை அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கரையிலிருந்து வருகிற நேரம் பார்த்து உதவியாளோடு சேர்ந்து நடுப்பாலத்தைத் திருப்பி, அவனைப் படகில் அனுப்பிவிட்டு, சக்கரம் மாட்டிக்கொண்டது என்று சொல்லிச் சாவியைக் கழற்றிப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் இரண்டு கரையிலும் நின்று கத்தினார்கள். கல்யாணப் பெண் ஒரு மீன் படகில் ஏறி வந்தாள். கட்டியிருந்த பட்டோடு தூணின் ஏணியில் ஏறினாள். தன் அப்பாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, சாவியைச் செருகி ஒற்றை ஆளாகத் தள்ளினாள். அது அசையவில்லை. துரு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாரம் ஜாஸ்திம்மா, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்" என்றாராம்.

என் அம்மாவும் நடுப்பாலத்தில் மாட்டியவள்தான். ஆலையில் வேலை முடிந்து வரும்போது அப்பா மணி அடித்துவிட்டுத் திருப்பிவிட்டார். சாவி தள்ளியவர்களைத் தவிர நடுவில் நின்றது அம்மா மட்டும். செங்கல் படகு வந்தது, வேறு வழியில்லை என்று அப்பா இன்றைக்கும் சாதிக்கிறார். அன்றைக்குப் படகே வரவில்லை என்கிறாள் அம்மா. யாருக்காகத் திறந்தது என்று கேட்டால் இந்த ஒரு கேள்விக்கே எங்கள் வீட்டில் இரண்டு பதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு மேல் ஆற்றில் உயரமான சாலைப் பாலம் வந்தது. செங்கல்லும் மரமும் லாரியில் ஏறின. பாய்மரங்கள் போயின. ஆலையும் மூடி, அந்த இடத்தில் அடுக்குமாடிகள் வந்தன. நடக்கிறவர்கள் குறையவில்லை, படகுகள் குறைந்தன. மிச்சமிருந்தவை இயந்திரப் படகுகள். அதில் இருப்பவர்கள் தலையைக் குனிந்தால் பாலத்துக்கு அடியிலேயே போய்விடலாம். நகராட்சியார் அந்தச் சட்டத்தில் இன்னொரு வரி சேர்த்தார்கள். அடியில் போக முடியாத படகுக்காக ஆண்டில் ஒரு முறையாவது பாலம் திறக்க வேண்டும். திறக்காத ஆண்டோடு பாலக்காரர் வேலை முடியும். நடுப்பாலத்தைப் போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். அறையைக் காலி செய்ய வேண்டும்.

இங்கேதான் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி. மேல் ஆற்றங்கரையில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். தினமும் காலையில் செடித் தொட்டிகளைப் படகில் அடுக்கிக் கீழ் ஆற்றுச் சந்தைக்குக் கொண்டுபோவார். அவர் மனைவி, எங்கள் அத்தை, பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பாள். பாலம் வரும்போது இரண்டு பேரும் குனிவார்கள். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் மாமா ஒரு நீளமான கம்பத்தைப் படகின் நடுவில் நட்டு, கயிறு போட்டுக் கட்டி, மூன்று முறை ஒலி எழுப்பிக்கொண்டு வருவார். அப்பா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு மணி அடிப்பார். பாலம் திறக்கும். பார்க்க வரும் அதிகாரி டீ குடித்துவிட்டு, திறந்தது என்று எழுதிக்கொண்டு போவார். வளைவு தாண்டியதும் மாமா கம்பத்தைக் கழற்றிப் படுக்க வைத்துவிடுவார். பிறகு எங்கள் அறையில் எல்லோருக்கும் சாப்பாடு. இப்படியே பல ஆண்டுகள் ஓடின. எங்களுக்கு அது ஏமாற்று என்றே தோன்றியதில்லை. அக்கா வீட்டுக்குத் தம்பி செய்கிற ஒரு காரியம், அவ்வளவுதான்.

போன ஆண்டு அந்தச் சாப்பாட்டின்போதுதான் வினை வந்தது. மாமா நல்ல சந்தோஷத்தில் இருந்தார். தன் கம்பம் மட்டும் இல்லையென்றால் அத்தான் இந்நேரம் பார்க்கில் வாட்ச்மேனாக நாய் விரட்டிக்கொண்டிருப்பார் என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"வருஷத்துல ஒரு நாள்தான் மச்சான் நீ நிமிர்ந்து வர்றே. மத்த நாளெல்லாம் என் காலுக்குக் கீழே குனிஞ்சுதானே போறே."

மாமா சோற்றிலிருந்து கையை எடுத்தார். எழுந்து கை கழுவினார். அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்து அவர் பின்னால் போனாள்.

மறுநாள் காலை படகு வந்தது. நான் பாலத்தில் நின்று பார்த்தேன். மாமா குனியவில்லை. செடித் தொட்டிகளுக்கு நடுவே மல்லாந்து படுத்துக்கொண்டு, கைகளைத் தலைக்குக் கீழே கொடுத்து, பாலத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனார். அடுத்த நாளும் அப்படித்தான். மழை பெய்தாலும் அப்படித்தான், முகத்தில் தண்ணீர் விழ விழ. அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அம்மா பாலத்தின் காலடியில் இஸ்திரி போடுகிறாள். சந்தையில் நிற்பதற்கு மாமாவுக்கு மடிப்புக் கலையாத சட்டை வேண்டும். அதனால் அத்தை வழக்கம் போலத் துணி கொண்டுவந்தாள், வாங்கிப் போனாள். ஆம்பளைங்க சண்டை ஆம்பளைங்களோட, அதுக்காகச் சட்டை சுருங்கிக் கிடக்கணுமா என்பது இருவருக்கும் ஒரே கொள்கை.

இன்ஜினியர் அம்மா என்னிடம் வாத்தைப் பற்றிக் கேட்டது இந்த நிலைமையில்தான். அப்பா திரும்பி வந்ததும் அவரிடம் தெளிவாகச் சொன்னார். இத்தனை ஆண்டும் ஒரே படகு, ஒரே நாள், ஒரே கம்பம். கழற்றிப் படுக்க வைக்கக்கூடிய கம்பம் இனிமேல் கணக்கில் வராது. உண்மையாகவே அடியில் போக முடியாத படகு வர வேண்டும். ஆண்டுக் கணக்கு முடிகிற வரைக்கும் காத்திருப்பார். அவர் கோபமாகப் பேசவில்லை. அப்பாவுக்குப் பார்க்கில் வேலை கிடைக்க ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. மாமா சொன்ன அதே பார்க்.

அன்று சாயங்காலம் அத்தை வந்தபோது அம்மா இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், கம்பம் செல்லாதாம் என்று மட்டும் சொன்னாள். தம்பியை வரச் சொல் என்று சொல்லவில்லை. அத்தையும் அப்படியா என்று கேட்டதோடு சரி.

அப்பா ஆற்றில் மேலும் கீழும் போய் விசாரித்தார். எல்லாம் தாழ்ந்த படகுகள். ஒருவர் தன் படகில் கம்பம் நட்டு வருவதாகச் சொன்னார். அப்பா வேண்டாம் என்று வந்துவிட்டார். பிறகு மாமாவிடம் போவதற்காகச் சட்டை மாட்டுவார். பாலத்தில் பாதி தூரம் போவார். அங்கே ஆணி தளர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அந்த வாரங்களில் எங்கள் பாலத்தில் ஓர் ஆணி கூடத் தளர்ந்திருக்க வாய்ப்பில்லை.

ஆண்டு முடிவு நெருங்குகையில் மாமாவின் படகு வருவதே நின்றுவிட்டது. அத்தை துணியை நடந்து கொண்டுவந்தாள். படகு எங்கே என்று அம்மா கேட்டதற்கு, வேலை நடக்குது அண்ணி என்றாள். அம்மா என்னைப் பார்த்துவர அனுப்பினாள். பண்ணையில் படகைக் கரையேற்றி மரக்கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார்கள். மேலே பெரிய தார்ப்பாய், தரையைத் தொடும்படி. நான் கிட்டே போவதற்குள் அத்தை ஓடிவந்து, "அப்புறமா வாடி, இப்ப எல்லாரும் வேலையா இருக்கோம்" என்று என்னைத் திருப்பி அனுப்பினாள்.

பார்த்ததை வந்து சொன்னேன். அடிப்பலகை உளுத்துப் போயிருக்கும் என்றார் அப்பா. இனி அந்தப் படகு தண்ணீரில் இறங்க மாதக்கணக்காகும் என்றார். அன்றைக்கே பெட்டிகளைக் கீழே இறக்கித் தூசி தட்டத் தொடங்கினார். அம்மா அவற்றைத் திரும்ப மேலே ஏற்றி வைத்தாள்.

"எங்க வீட்டுல யாரும் கோபத்தைச் சும்மா வச்சிருக்க மாட்டோம்" என்றாள். "ஏதாவது செய்வோம். பொறுங்க."

கடைசி நாள் மத்தியானம் இன்ஜினியர் அம்மா வந்தார். கூட இரண்டு ஆட்கள், சாக்கில் நான்கு பெரிய போல்ட்டுகள். சாயங்காலம் வரைக்கும் போல்ட் போடுவதில்லை, துளை போட வேண்டிய இடத்தைக் குறித்து மட்டும் வைக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். நடுப்பாலத்துக்குப் போய் உட்கார்ந்து சாக்பீஸால் வட்டம் போட்டார். ஒரு தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார்.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒலி வந்தது. நீளமாக ஒன்று. அப்பா தலையைத் தூக்கினார். இரண்டு. அவர் என்னைப் பார்த்தார். மூன்று.

வளைவைத் திரும்பி வந்தது முதலில் எனக்குப் படகாகத் தெரியவில்லை. ஒரு தோட்டம் ஆற்றின் மேல் மிதந்து வந்தது போல இருந்தது. மாமா படகுக்கு மாடி கட்டியிருந்தார். இரும்புக் கால்கள், மேலே பலகைத் தளம், தளம் முழுக்க ஆள் உயர மரக்கன்றுகள். இதுவரைக்கும் அவரால் சந்தைக்குக் கொண்டுபோக முடியாதவை அவை; படுக்கப் போட்டால் கிளை ஒடியும். அந்தத் தளமே எங்கள் பாலத்தின் நடைதள உயரத்துக்கு இருந்தது. கன்றுகளுக்கு நடுவே மாமா, இஸ்திரி போட்ட சட்டையில், நின்றுகொண்டிருந்தார்.

அப்பா மணியை அடித்தார். நான் ஓடிப்போய் நடுப்பாலத்தை மாட்டி வைத்திருக்கும் அந்தப் பக்கத்துக் கொக்கியை விடுவித்தேன், அவர் இந்தப் பக்கத்துக் கொக்கியை. போல்ட் ஆட்கள் சாக்கோடு கரைக்கு ஓடினார்கள். தபால்காரருக்கு சைக்கிளைத் திருப்ப நேரமில்லை. சாவியைச் செருகித் தள்ளினோம். கிரீஸ் நன்றாகப் பிடித்திருந்தது. சக்கரம் முனகாமல் சுற்றியது. காலுக்குக் கீழே தரை நகர்வதை முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வது போல இன்ஜினியர் அம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கரைகள் இரண்டும் எங்களை விட்டு விலகின. நாங்கள் நான்கு பேரும் ஆற்றின் நடுவில் நின்றோம்.

படகு எங்களை ஒட்டி, கையெட்டும் தூரத்தில், மெதுவாக வந்தது. இன்ஜினியர் அம்மா குனிந்து எட்டி ஓர் இரும்புக் காலைப் பிடித்து உலுக்கினார். அது அசையவில்லை. இதைக் கழற்ற முடியுமா என்று மாமாவைக் கேட்டார். மாமா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் கீழே சுக்கானிலிருந்து வந்தது.

"வெல்டிங் மேடம்" என்றாள் அத்தை. "கழட்டணும்னா படகையே உடைக்கணும். இந்த மனுஷன்கிட்ட நானும் சொல்லிப் பாத்தேன், பாலத்துக்கு அடியில போகாதுங்கன்னு. போகக் கூடாதுங்கிறதுக்குத்தான்டி கட்டுறேன்னாரு."

"அப்போ தினமும் திறக்கணுமா?" என்றார் இன்ஜினியர் அம்மா.

"காலையில போக ஒரு தடவை, சாயங்காலம் வர ஒரு தடவை. ஞாயித்துக்கிழமை லீவு."

தபால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்ஜினியர் அம்மா இரும்புக் காலை விட்டார். கையில் ஒட்டிய புது பெயின்ட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், இது கணக்கில வரும் என்று சொல்லிவிட்டு, தான் போட்ட வட்டங்களைக் காலணியால் தேய்த்து அழிக்கத் தொடங்கினார்.

கரையில் அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

மேல் தளம் அப்பாவை நெருங்கியது. இத்தனை ஆண்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்க்கிற உயரத்தில் ஆற்றின் மேல் நின்றதில்லை. ஒரு கன்றின் கிளை அப்பாவின் தோளில் உரசியது. அவர் விலகவில்லை. பாலம் திறந்திருக்கும்போது பாலக்காரர் படகோடு பேசக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. அப்பா அதை ஒரு நாளும் மீறியதில்லை.

"மச்சான்" என்றார். "நாளையிலேருந்து நீ ஹார்ன் அடிக்க வேண்டாம். கேக்கவே வேண்டாம். நீ வர்ற நேரத்துக்கு நானே திறந்து வச்சிருக்கேன்."

பாலச் சட்டத்தின் முதல் வரியையே அவர் விட்டுக்கொடுத்தார். நான் சாவியின் கையைப் பிடித்தபடி மாமாவைப் பார்த்தேன். அவர் காதில் விழுந்தது. காது மடல் சிவந்தது. அவர் கண்கள் கீழ் ஆற்றில் எதையோ பார்த்தபடியே இருந்தன. கிளை அப்பாவின் தோளை விட்டு நழுவியது. அத்தை மட்டும் கீழிருந்து அப்பாவைப் பார்த்து, தெரியாதா இவரை என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினாள். மாமா நிமிர்ந்து நின்றபடியே, மரங்களோடு சேர்ந்து, அடுத்த வளைவில் போய் மறைந்தார்.